நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்வதற்கென்றே அவரிடம் நான்கு வாக்கியங்கள் இருந்தன. இருபத்தாறு வருடத் தொழிலில், கடைசி இருபது வருடமாக அதே நான்குதான். மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து, அவசரமே இல்லாத குரலில் சொல்வார்.

"மூச்சு முட்டாது, காத்து வர வழி இருக்கு. அறுந்து விழாது, ஆறு கயிறு இருக்கு. கதவை நெம்பாதீங்க. அப்படியே இருங்க, நான் வந்துட்டேன்."

இதைக் கேட்டதும் உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் மூக்கை உறிஞ்சி நிறுத்துவார்கள். கத்திக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அதற்குள் அவர் உச்சியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஏறிப்போய், கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஏதாவது ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவந்துவிடுவார். கதவைத் திறந்தால் உள்ளே விதவிதமான காட்சிகள். காற்று தீர்ந்துவிடும் என்று மூச்சை அடக்கி அடக்கியே முகம் சிவந்துபோன ஆள். லிஃப்ட் விழும் நொடியில் சரியாக எம்பிக் குதித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, முக்கால் மணி நேரம் முழங்காலை மடக்கியே நின்று தொடை பிடித்துக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர். கூரை மூடியைத் திறந்து வெளியே போகலாம் என்று மேலாளரின் தோளில் ஏறி நின்ற குமாஸ்தா. அந்த மூடிக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளிருந்து திறப்பதெல்லாம் சினிமாவில் மட்டும்தான். குமாஸ்தா இறங்கியதும் மேலாளர் தோளில் பதிந்த செருப்புத் தடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே, இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை லிஃப்ட்காரர் வீட்டில் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். நடித்துக் காட்ட வீட்டில் ஆள் இருந்த காலம் அது.

மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் வங்கி வேலையில் இருக்கிறாள். அவர் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் தனியாகக் குடியிருந்தார். ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, சரியாக ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்துக்குத்தான் அந்த நிகழ்ச்சி வரும். ஒரு ஆள் ஒற்றைக் கத்தியோடு காட்டில் இறங்குவான். பாலைவனத்தில் இறங்குவான். பனிமலையில் இறங்குவான். பாம்பு கடித்த இடத்தை வாயால் உறிஞ்சித் துப்புவான், மரத்தில் பாசி படர்ந்த பக்கத்தைப் பார்த்துத் திசை சொல்வான், தண்ணீர் தீர்ந்தால் தன் மூத்திரத்தைத் தானே குடிப்பான். லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்தபடி கண் இமைக்காமல் பார்ப்பார். இடது காது இயந்திர அறைச் சத்தத்தில் மந்தமாகிவிட்டதால் ஒலியை நன்றாக ஏற்றி வைத்திருப்பார்.

கீழ்வீட்டில் டியூஷன் டீச்சர் இருந்தார். மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவரிடம் கணக்குப் படிக்க வருவார்கள். வகுத்தல் கணக்கு நடக்கும்போது தலைக்கு மேல் ஒருவன் ஓநாய்களிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் என்ன படிப்பார்கள்? டீச்சர் ஒட்டடைக் கம்பை எடுத்து மேல்தளத்தில் இரண்டு இடி இடிப்பார். லிஃப்ட்காரர் இரண்டு புள்ளி குறைப்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம். படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் மட்டும் அவருக்கு 'காட்டு மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மகள் ஒருமுறை வந்திருந்தபோது அந்த நிகழ்ச்சியை அவரோடு பார்த்தாள். பனியில் அந்த ஆள் தன்னந்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, இவன் தனியா இருக்கான்னா கேமராவை யாரு புடிச்சிட்டிருக்கா?" என்றாள்.

அவர் ஒலியை ஒரு புள்ளி ஏற்றினார். கொஞ்சம் கோபம்கூட வந்தது. தனியாகவே எல்லாவற்றையும் சமாளிக்கும் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வது அவருக்குத் தேவையாக இருந்தது.

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை முதலுதவி வகுப்பு நடக்கும். அதை நடத்த வரும் நர்ஸிடம் அவர் கேட்கும் கேள்வியெல்லாம் காட்டைப் பற்றியதாகவே இருக்கும். பாம்புக் கடியை உறிஞ்சினால் விஷம் வராது, உறிஞ்சியவர் வாயும் சேர்ந்து கெடும், கடித்த காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் என்று அந்த நர்ஸ் விளக்குவார். லிஃப்டில் பாம்பு எந்த மாடியில் ஏறும் என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்குப் போனதும் டிவிக்காரன் சொல்வதைத்தான் நம்புவார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த மூன்று நாள் அலுவலகங்களுக்கு விடுமுறை. ஏழு மாடி உள்ள ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டின் அவசர பேட்டரியை மாற்றும் வேலை அவருக்கு வந்தது. மின்சாரம் போனால் உள்ளே சின்ன விளக்கு எரிவதும் மணி அடிப்பதும் அந்த பேட்டரியால்தான். மதியம் போனார். கீழே லிஃப்ட் வாசலில் 'வேலை நடக்கிறது, பயன்படுத்த வேண்டாம்' பலகையை மாட்டினார். பையையும் கைப்பேசியையும் உச்சி அறையில் வைத்துவிட்டு, லிஃப்டின் தலைமேல் நின்று பழைய பேட்டரியைக் கழற்றினார். புதியதை வைத்தபோது இணைப்புக் கிளிப் பொருந்தவில்லை. சரியான கிளிப் மேலே பையில் இருந்தது.

பேட்டரி இல்லாத லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது, படியில்தான் போகவேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் விதி. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறார். ஆனால் ஏழு மாடி. முழங்கால் காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று உள்ளே ஏறி ஏழை அழுத்தினார்.

நீண்ட விடுமுறை என்றால் மதியமே எல்லோரும் கிளம்பிவிடுவதும், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவதும் அந்தக் கட்டடத்தின் வழக்கம். காவலாளி பலகையைப் பார்த்தார். பையையும் காணோம், ஆளையும் காணோம். லிஃப்ட்காரர் பாதியில் விட்டுப் போய்விட்டார், மீதியைச் செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு மெயினை இறக்கினார், வாசலைப் பூட்டினார், தெருமுனையில் இருந்த தன் கூண்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. மணிப் பொத்தானை அழுத்தினார். அதைச் செயலிழக்கச் செய்ததே தான்தான் என்று அழுத்திய பிறகுதான் உறைத்தது.

முதல் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார். அது தவறு என்று அவருக்குத் தெரியும். கத்தினால் குரல்தான் போகும், ஒரு கட்டடம் தாண்டிக் கேட்காது. கையில் கிடைத்ததை வைத்து மூன்று தட்டு தட்டிவிட்டு, நிறுத்தி, மறுபடி மூன்று தட்டவேண்டும். மூன்று தட்டு என்றால் யாரோ வேண்டுமென்றே தட்டுகிறார்கள் என்று கேட்பவருக்குப் புரியும். தெரிந்தும் கத்தினார். குரல் போன பிறகுதான் பாக்கெட்டில் இருந்த ஸ்பேனரை எடுத்துச் சுவரில் தட்ட ஆரம்பித்தார்.

கையில் இருந்தது ஸ்பேனர், சின்ன டார்ச், லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி, முக்கால் பாட்டில் தண்ணீர், நாலு பிஸ்கட். லிஃப்டின் உள்கதவைக் கையால் தள்ளித் திறந்தார். எதிரே வெறும் சிமெண்டுச் சுவர். பழைய கட்டடம் என்பதால் ஒவ்வொரு மாடியும் நல்ல உயரம். ஐந்தாம் மாடிக் கதவு கூரைக்கும் மேலே எங்கோ இருந்தது. நான்காம் மாடிக் கதவின் தலைப்பகுதி மட்டும் காலடியில் ஒரு முழ உயரத்துக்குத் தெரிந்தது.

அந்த ஒரு முழ இடைவெளியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொழிலுக்கு வந்த ஆறாம் வருடம் அவர் போன ஒரு கட்டடத்தில் நடந்தது. இப்படித்தான் ஒரு வாலிபன், இருபத்திரண்டு வயதிருக்கும், காத்திருக்கப் பொறுமையில்லாமல் இந்த மாதிரி ஒரு சந்தில் காலை நுழைத்து இறங்கினான். லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவே திறந்த பள்ளம் இருக்கிறது. கால் மாடித் தரையைத் தேடி ஊசலாடும்போது உள்பக்கம் போனால் போனதுதான். அவர் படியேறி வந்து சேர்ந்தபோது சந்தில் ஒரு கைக்கடிகாரம் மட்டும் மாட்டியிருந்தது. அன்றைக்குப் பிறகுதான் நான்கு வாக்கியங்களில் மூன்றாவது சேர்ந்தது.

ஆகவே காத்திருக்க வேண்டும். வழி தவறியவன் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும், தேடி வருபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நர்ஸ் சொன்னதும் அதுதான், அவர் ஊருக்கெல்லாம் சொன்னதும் அதுதான்.

யார் தேடி வருவார்கள் என்று இருட்டில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்.

கம்பெனியில் ஸ்டோர் அக்கா இருக்கிறார். உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். லிஃப்ட்காரரைவிட நாலு வயது சிறியவர் என்றாலும் இவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஸ்டோர் சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. வேலை முடித்த மெக்கானிக்குகள் சாயங்காலம் முக்கோணச் சாவியைத் தங்கள் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆணிகள் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அவர் ஒன்பது வருடமாகச் சாவி மாட்டுவதில்லை. மனைவி இறந்த புதிதில், சாவி மாட்டப் போகும்போதெல்லாம் ஸ்டோர் அக்கா, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் அந்தப் பக்கமே போவதை நிறுத்தினார். சாவியை வீட்டுக்கே எடுத்துப்போனார். அவருடைய ஆணி எப்போதும் காலி. காலியாக இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

கூட ஒரு ஆள் இருந்திருக்கவேண்டும். ஜோடியாகத்தான் போகவேண்டும் என்பது இன்னொரு விதி. பழைய கூட்டாளி ஓய்வு பெற்றபோது, புது ஆள் தேவையில்லை, வளவளவென்று பேசுவான்கள், தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் இவர்தான்.

வேலை முடிந்ததும் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லவேண்டும். ஒரு வாரத்து வேலையை மொத்தமாகத் திங்கட்கிழமை சொல்வது இவர் பழக்கம்.

மகள். ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவாள். மூன்று தடவையில் ஒரு தடவை இவர் எடுக்கமாட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல் மணி அடிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் கழித்து, வேலையாக இருந்தேன் என்று சொல்வார். அவளும் பழகிவிட்டாள். இந்த ஞாயிறும் அப்படித்தான் நினைப்பாள்.

மணியின் பேட்டரியை இன்றைக்குத்தான் கழற்றினேன், மற்றதையெல்லாம் எப்போதோ கழற்றிவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. அந்த இருட்டில் அவரைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான். பேய் இல்லை, காற்று இல்லை, கயிறு இல்லை.

சனிக்கிழமை காலை என்று கைக்கடிகாரம் சொன்னது. டிவிக்காரன் முறைப்படி தண்ணீரை மூடியில் ஊற்றி மணிக்கு ஒரு மூடி குடித்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் புழுக்கத்தில் நனைந்திருந்தது. மதியத்துக்குள் தலை இடித்துப் பிளந்தது, கண்ணில் பூச்சி பறந்தது, பாட்டிலில் மட்டும் தண்ணீர் பத்திரமாக இருந்தது. அப்போது நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நிறைந்த பாட்டிலை வைத்துக்கொண்டே மயங்கி விழுந்தவர்கள் உண்டாம். தண்ணீரைச் சேமிக்க நல்ல இடம் வயிறுதான், தாகம் எடுத்தால் குடியுங்கள், வேர்க்காமல் அசையாமல் இருங்கள் என்றார். பாதியை மடமடவென்று குடித்தார். அரை மணியில் தலைவலி இறங்கியது. பிஸ்கட்டைத் தொடவில்லை. பசியால் இரண்டு நாளில் யாரும் சாவதில்லை.

மூத்திரம் வந்தபோது மூலைச் சந்து வழியாகப் பள்ளத்தில் விட்டார். டிவிக்காரனை நினைத்துக்கொண்டார். அதைக் குடிக்கலாமா என்று கம்பெனி வகுப்பில் இவர் கேட்டதும், "உடம்பு வேணாம்னு வெளிய தள்ளுனதை மறுபடி உள்ள தள்ளி யாரை ஏமாத்தப் போறீங்க?" என்று அந்த நர்ஸ் கேட்டார். இருட்டில் அவருக்குச் சிரிப்பு வந்தது. குரல் இல்லாததால் அந்தச் சிரிப்பு இருமலாகத்தான் வெளியே வந்தது. அதைக் கேட்கவும் ஆளில்லை.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

அன்று மாலை ஏழரை மணி ஆனபோது தன் அறையில் டிவி அணைந்திருப்பதை நினைத்தார். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மொட்டை மாடிக் கொடியில் வெள்ளிக்கிழமை காலையில் காயப்போட்ட யூனிஃபார்ம் சட்டை தொங்கிக்கொண்டிருக்கும். இவர் இல்லாததால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. கீழ்வீட்டுப் பிள்ளைகள் நிம்மதியாக வகுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். கதவு இடுக்கில் யாரோ இருப்பதுபோல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கிழிந்துபோன குரலில் தனக்கே சொல்லிக்கொண்டார். மூச்சு முட்டாது. அறுந்து விழாது. கதவை நெம்பாதீங்க. நான்காவது வாக்கியம் வரவில்லை. 'நான் வந்துட்டேன்' என்பதை யார் சொல்வது?

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மேலே உச்சி அறையில் கைப்பேசி அடிக்கும், அதில் சார்ஜ் மிச்சமிருந்தால். மகள் காதில் வைத்துக் காத்திருப்பாள். பத்து மணி ஐந்து நிமிடம். வைத்திருப்பாள். பத்தே கால். வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலைதான் கட்டடம் திறக்கும். இன்னும் நாற்பத்தேழு மணி நேரம். தண்ணீரே இல்லாமல், இந்தப் புழுக்கத்தில். காத்திருங்கள் என்று சொல்வது, வருவதற்கு ஆள் இருக்கிறவர்களுக்குச் சொல்வது. இது அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்த பிறகு பயம்கூடக் குறைந்தது. குப்புறப் படுத்து அந்த ஒரு முழச் சந்தில் கையை விட்டார். மாடிக் கதவின் பூட்டு அதன் தலைப்பகுதியில்தான் இருக்கும். விரலுக்குப் பழகிய பூட்டு. உருளையைத் தூக்கியதும் கதவு ஒரு சாண் விலகியது.

வெளிச்சம் வந்தது. நடைபாதை ஜன்னல் வழியாக வந்த சாதாரண வெயில். தரை துடைத்த மருந்தின் வாடை. நாற்பத்து மூன்று மணி நேரம் கழித்து வந்த அந்த வெயில் அவருடைய புத்தியை மயக்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். கதவை நன்றாகத் தள்ளினார். திரும்பிப் படுத்து, காலை முதலில் விட்டார். இடுப்புவரை வெளியே போயிற்று. ஷூவின் நுனி தரையைத் தேடியது. தரை இல்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தார். கைகள் வேர்த்து வழுக்கின. அப்போதுதான் கைக்கடிகாரத்தின் பட்டை லிஃப்டின் விளிம்பில் உரசிய சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். அவர் அப்படியே உறைந்துபோனார். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் தெம்பில்லை.

கீழே எங்கோ படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாடிக்கு ஒரு தடவை நின்று, "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. மூன்றாம் மாடியில் கூப்பிட்டது. பதில் சொல்ல அவரிடம் குரல் இல்லை. ஸ்பேனர் எட்டாத தூரத்தில் கிடந்தது. செருப்புச் சத்தம் நான்காம் மாடிக்கு வந்து சட்டென்று நின்றது. நிற்காமல் என்ன செய்யும், சுவரில் இருந்து இரண்டு கால்கள் தொங்கினால்?

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அவசரமே இல்லாத குரலில், ஒரு பெண் சொன்னாள்.

"மூச்சு முட்டாது, காத்து வர வழி இருக்கு. அறுந்து விழாது, ஆறு கயிறு இருக்கு. கதவை நெம்பாதீங்க."

"நெம்பிட்டேன்க்கா" என்றார். காற்றாகத்தான் வந்தது.

"தெரியுது. காலை மேல இழுங்க. நான் பாதத்தைப் புடிச்சுத் தள்றேன். மெதுவா. அப்படியே இருங்க, நான் வந்துட்டேன்."

ஸ்டோர் அக்கா இரண்டு பாதங்களையும் தோளில் வாங்கி மேலே தள்ளினார். அவர் உள்ளே சரிந்து விழுந்து, லிஃப்டின் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை வருடம் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அழுகைதான் அது.

மெக்கானிக் ஒருவர் கிளம்பிவிட்டார், வந்து சக்கரத்தைச் சுற்ற அரை மணி ஆகும் என்றார் அக்கா. கீழே காவலாளியிடம் மெயினைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலைச் சந்து வழியாக உள்ளே உருட்டிவிட்டு, நடைபாதைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அந்த அரை மணியில், தான் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டோம் என்பதை லிஃப்ட்காரர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

விடுமுறை நாளில் கம்பெனியின் அவசர எண்ணுக்கு வரும் அழைப்பு அக்காவின் கைப்பேசிக்குத்தான் வரும். காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறார். எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்று அக்கா கேட்க, "லிஃப்ட் ஒண்ணும் கெட்டுப்போகலைங்க, லிஃப்ட் ரிப்பேர் பண்றவரைத்தான் காணோம்" என்று சொல்லியிருக்கிறார். கீழ்வீட்டு டியூஷன் டீச்சர்தான். வெள்ளிக்கிழமை பேட்டரி எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று ஸ்டோர் நோட்டில் பார்த்துவிட்டு அக்கா கிளம்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு டீச்சர் வழக்கம்போல ஒட்டடைக் கம்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாராம். சத்தம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடவில்லையாம், அண்ணாந்து மேல்தளத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். சனிக்கிழமையும் வரவில்லை. ஆறு வருடத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அந்த வீடு சத்தமில்லாமல் இருந்ததே கிடையாது. டீச்சர் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். போலீசுக்குப் போன் செய்தார். பெரிய ஆள்தானே, எங்காவது உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார், நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகாமல் புகார் எடுக்க முடியாது என்றார்களாம். அப்படி ஒரு சட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்று டீச்சர் கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஞாயிறு காலை மொட்டை மாடிக்குப் போனவர் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். மூன்று நாளாக எடுக்காத சட்டை. அதன் முதுகில் பெரிய எழுத்தில், லிஃப்டில் சிக்கிக்கொண்டால் அழைக்கவும் என்று போட்டு ஒரு எண் இருந்தது.

கேட்டு முடித்து அவர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்றார் அக்கா, சந்தின் வெளியிலிருந்து.

"இல்லக்கா" என்றார் அவர். நாலு பிஸ்கட் இருக்கிறது, வேண்டுமென்றே தொடவில்லை என்றார். ஏன் தொடவில்லை என்று விளக்கினார். அப்படியே ஒன்பது வருடமாகத் தினமும் என்ன சாப்பிடுகிறார், எந்தப் பாத்திரத்தில் வைக்கிறார், எதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எல்லாவற்றையும் அந்தக் கிழிந்த குரலில் சொன்னார். மேலே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டு, லிஃப்ட் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி, அக்காவின் முகம் முழுதாகத் தெரியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அவரே மகளைக் கூப்பிட்டார். என்றைக்கும் இல்லாமல் நீங்களாகக் கூப்பிடுகிறீர்களே, என்ன ஆயிற்று என்று அவள் பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நடந்ததைச் சொன்னார். அவள் அழுதாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிடாமல் மட்டும் இருந்தார்.

கீழ்வீட்டுக் கதவையும் தட்டினார். நன்றி சொல்ல வந்தவரை டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, தான் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைகள் மேலே பார்க்கிறார்கள், சத்தம் இருந்தாலும் மேலே பார்க்கிறார்கள், தன் பாடுதான் திண்டாட்டம் என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தும் முன் அவருடைய வறண்ட உதட்டை மட்டும் ஒரு தரம் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடித்து அவர் ஸ்டோருக்குப் போனார். அவருடைய ஆணியில் யாருடைய குடையோ தொங்கியது. அக்கா குடையை எடுத்துத் தன் மேசைக்கு அடியில் வைத்தார். அவர் சாவியை மாட்டினார். அது கொஞ்சம் ஆடி நின்றது.

வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார். அறை அப்படியேதான் இருந்தது. ஒரே தட்டு, ஒரே டம்ளர். அந்த ஆள் இன்றைக்கு ஏதோ பாலைவனத்தில் நடந்துகொண்டிருந்தான். லிஃப்ட்காரர் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் மணலில், கேமரா பிடிப்பவனின் கால் தடம் எங்காவது தெரிகிறதா என்று தேடினார். மரியாதைக்காக ஒலியை மிகவும் குறைத்து வைத்திருந்தார். கீழே பிள்ளைகளின் சத்தம் லேசாகக் கேட்டது.

ஒரு புள்ளி ஏற்றினார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு புள்ளி. ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு. சோறு கையிலேயே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று ஏற்றினார்.

கீழிருந்து ஒட்டடைக் கம்பு இரண்டு தடவை இடித்தது. உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது. அவர் இரண்டு புள்ளி குறைத்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.